நாலாவது வாஷர்

தேனி ரோட்டில், செக்கானூரணிக்குச் சற்று முன்னால்
வெள்ளையடித்த புளியமரத்துக்கு நேராக
வண்டி இருமியது. இருமி இருமி
கடைசி இருமலை விழுங்கிவிட்டது.
மணி ஒன்றே கால்.
பின்னால் ஒன்பது டன் வடுகபட்டிப் பூண்டு.
விடிவதற்குள் கீழமாசி வீதியில் இறக்கணும்,
விடிந்துவிட்டால் உள்ளே விடமாட்டான்.

பம்ப் போகும் என்று தெரியும்.
தெரிந்துதான் போன வாரமே தெற்குவெளி வீதியில்
ஒன்று வாங்கி சீட்டுக்கடியில் போட்டிருந்தேன்.
கம்பெனிப் பொருள் எட்டாயிரத்துச் சொச்சம்,
இது இரண்டாயிரத்து எழுநூறு.
அட்டையில் பாயும் புலி. ஊர் இல்லை, பேர் இல்லை.
"கேரண்டி?" என்றேன்.
"கடை வாசப்படி வரைக்கும் பாய்"
என்றார், சிரிக்காமல்.

காசிமாயன் பேனா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டான்.
பழையதைக் கழற்றினேன்.
புதியதன் ஓட்டை
அரை நூல் தள்ளி இருந்தது.
ராவினேன். பித்தளையும் இல்லை ஈயமும் இல்லை,
என்ன உலோகமோ,
பொடி மட்டும் பளபளவென்று முழங்கையில் ஒட்டியது.

பொட்டலத்தில் காப்பர் வாஷர் மூன்று.
வேண்டியது நான்கு.
புலி ஒன்றைத் தின்றிருக்கும்.

பழைய வாஷர் ஒன்று கிடந்தது,
நசுங்கி இறுகிப்போய்.
அப்படியே போட்டால் காற்றை உறிஞ்சும்.
எதிர்ப்பக்கம் மொக்கத்தாய் கடையில்
அடுப்பு அணையவில்லை.
இடுக்கி வாங்கி வாஷரைத் தீயில் காட்டினேன்.
"என்ன பாய், தோடு உருக்குறியா?"
சிவந்ததும் சொம்புத் தண்ணீரில்
ஸ்ஸ்.
இரும்பைச் சுட்டு நனைத்தால் முறைத்துக்கொள்ளும்,
செம்பு இளகிக் கொடுக்கும்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

நெருப்புக்கு என்ன காசு என்றாள்.
"அப்ப ரெண்டு கை பூண்டு எடுத்துக்க."
"சரக்கு உன்னுதா?"
இல்லை.
வண்டியைப் பற்றி அவள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

இனி ஏர் எடுக்கணும்.
ஃபில்டர் தலையில் திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி
கட்டைவிரலால் கைபம்பை அமுக்கினேன்.
பொக்கு. பொக்கு. வெறும் பொக்கு.
நாற்பதில் ஒரு கொப்புளம் எட்டிப் பார்த்தது.
எண்பதில் நுரை,
கள்ளுப் பானை வாயில் வழிவதுபோல.
விரல் மரத்து அடுத்த விரலுக்கு மாறினேன்.
நூற்று முப்பதில் துப்பியது, என் மூஞ்சியில்.
அதற்கப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது,
ஐந்தாம் தேதி நடுவில் வந்துவிட்டதால்.
டேங்கு நிறைய டீசல் இருக்கிறது.
ஒரு முழம் குழாயில் ஒன்றுமே இல்லாத ஒன்று
அதை மறித்துக்கொண்டு நிற்கிறது.

பிறகு நுரை விட்டது.
ஒரே கம்பியாக, டார்ச் வெளிச்சத்தில்
நெல்லிச்சாறு நிறத்தில் வந்தது.
அமுக்கிக்கொண்டே முறுக்கணும்,
அமுக்கியதை விட்டு முறுக்கினால்
குடித்த காற்றையே திரும்பக் குடிக்கும்.
மூன்று கை கேட்கிற வேலை.
காசிமாயன் ஒன்றைக் கொடுத்தான்.

நாசில் பைப் ஆறின் நட்டையும் தளர்த்தி
"அடிடா செல்ஃப்" என்றேன்.
பேட்டரி முனகியது.
ஒன்று கசிந்தது, இறுக்கினேன்.
இரண்டு. வெகுநேரம் கழித்து மூன்று.
மூன்று பிடித்ததும் எஞ்சின் நொண்டியது,
நொண்டியபடியே ஓடியது.
ஓட ஓட நாலை இறுக்கினேன், ஐந்தை,
ஆறு
பிடித்த குலுக்கலில்
பாடிக் கம்பிகளுக்கிடையிலிருந்து
பூண்டுச் சருகு எங்கள் தலையில் உதிர்ந்தது.
மொக்கத்தாய் கடையில் படுத்திருந்த நாய்
எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

பழைய பம்பை எறியவில்லை.
புலியை எவ்வளவு தூரம் நம்புவது?

நாகமலை இடது பக்கம்
கறுப்பாகக் கூடவே வந்தது.
ரேடியோ போடவில்லை. காது முழுக்கக் கீழே இருந்தது.
புதுக்கோட்டை தாண்டி நிறுத்தி,
எஞ்சினை அணைக்காமல், குனிந்து
அந்த நாலாவது வாஷரைச் சுற்றி
விரலை ஓட்டினேன்.
ஈரமில்லை.
நம்பாமல் முகர்ந்தேன்.
பூண்டு.